இதர பொருட்கள்

கிராம சபைக் கூட்டத்தின் பொருள் நிரல் அந்த ஊரில் எழுதப்படுவதில்லை. சென்னையில், ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி இயக்ககத்தில் தயாராகி, ஆட்சியர் அலுவலகம் வந்து, ஒன்றிய அலுவலகம் வந்து, ஊராட்சிச் செயலர் கையில் சேர்கிறது. டெங்கு தடுப்பு, மழைநீர் சேகரிப்பு, ஞெகிழி ஒழிப்பு, தூய்மை பாரதம், ஜல் ஜீவன் என்று நீளும் அந்தப் பட்டியலைச் செயலர் வாசிக்க வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்மானம் பதிவேட்டில் ஏறும். பட்டியலின் அடியில் ஒரு வரி இருக்கும்: இதர பொருட்கள், தலைவரின் அனுமதியுடன். வந்தவர்கள் வாய் திறப்பது அங்கேதான். மேலத்தெரு விளக்கு எரியவில்லை. மோட்டார் காயில் போய் வாரக்கணக்காகிறது. சுடுகாட்டுப் பாதையில் முள் மண்டிக் கிடக்கிறது. சாக்கடை தூர் வாரவில்லை. தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

இதில் யாருடைய சதியும் இல்லை. மேலிருந்து பட்டியல் வராவிட்டால் பல ஊர்களில் கூட்டமே ஒப்புக்கு முடிந்துவிடும் என்று அதிகாரிகள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் ஓர் ஊராட்சி மக்கள் கேட்டதைச் செய்து முன்னேறியிருக்கிறதா என்று அளக்க விரும்புபவர் வரிசை எண் போட்ட தீர்மானங்களை விட்டுவிட்டு, அந்தக் கடைசி வரியில் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே பேசப்படுபவற்றில் பெரும்பகுதி புதிதாக ஒன்றைக் கட்டித் தரச் சொல்லும் கோரிக்கை அல்ல. ஏற்கெனவே கட்டியது ஓட வேண்டும் என்பதுதான்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஊரகத்தில் வாழ்ந்தவர்கள் 3 கோடியே 72 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக மூவாயிரம் பேர்கூட இல்லை. தலைவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த அளவுதான். ஆண்டுக்கு நான்கு நாள் கூடிக்கொண்டிருந்த கிராம சபை 2022 முதல் ஆறு நாள் கூடுகிறது; குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகியவற்றோடு மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்தன. குறைவெண் வரம்பும் உண்டு. 500 பேருக்குள் உள்ள ஊராட்சியில் 50 பேர், மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. (வராதவர்களின் கையெழுத்தைப் பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுபோய் வாங்கும் வழக்கமும் உண்டு என்பதை ஊரில் இருந்தவர்கள் அறிவார்கள்.)

கூடிப் பேசுவதால் பயன் உண்டா என்ற கேள்விக்கு ஆய்வுகள் பதில் சொல்லியிருக்கின்றன. திமோத்தி பெஸ்லி, ரோகிணி பாண்டே, விஜயேந்திர ராவ் மூவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய நான்கு மாநிலங்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களைப் பார்த்தது. நிலமற்றவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தாழ்த்தப்பட்டோர் ஆகியோர் கிராம சபைக்கு வர அதிக ஆர்வம் காட்டினார்கள். சபை கூடிய ஊர்களில் வறுமைக் கோட்டு அட்டை உரியவருக்குப் போய்ச் சேர்வதும் மேம்பட்டிருந்தது. ஆகவே கூட்டம் வெறும் சடங்கு என்று கைகழுவிவிட முடியாது. சடங்காக நடக்கும்போதும் அதில் ஏதோ ஒன்று நடக்கிறது. ஆனால் அட்டை கொடுப்பதற்குப் பணம் தேவையில்லை, ஒரு பெயரைப் பட்டியலில் சேர்த்தால் போதும். மோட்டாருக்குக் காயில் கட்டப் பணம் வேண்டும்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நிலைமை பாதி விளங்கிவிடும். முதலில் மாநில நிதி ஆணைய மானியம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கென்று எடுத்து, நகரம், ஊரகம் எனப் பிரித்து, ஊரகப் பங்கை மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி என்று மூன்றாக்குகிறார்கள். கையில் வந்ததும் அதில் முதலில் கழிவது மின் கட்டணமும், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காகக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குச் செலுத்தும் தொகையும். இவை இரண்டுக்குமென்று ஊராட்சிகள் தனி வங்கிக் கணக்கே வைத்திருக்கின்றன. அடுத்தது மத்திய நிதி ஆணைய மானியம். 15-ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்தது 2,36,805 கோடி ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகைதான். அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிடலாம் என்று கட்டுப்போட்டது. மீதி 40 சதவீதத்தையும் சம்பளத்துக்கோ அலுவலகச் செலவுக்கோ தொடக் கூடாது என்றது. மூன்றாவதாகத் திட்டப் பணம்: இந்தத் திட்டத்தில் சாலை, அந்தத் திட்டத்தில் தொட்டி, இன்னொன்றில் வீடு என்று வேலையின் பெயரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டே வருவது.

ஊராட்சி தன் விருப்பப்படி செலவிடக்கூடிய பணம் நான்காவது வகையான சொந்த வருவாய் ஒன்றுதான். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், மீன்பாசி குத்தகை, புளியமர ஏலம், சந்தைக் குத்தகை, கட்டட அனுமதிக் கட்டணம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் தொழிற்சாலை முளைத்த ஊராட்சிகளுக்கு இதுவே பெரிய வருமானம். ராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரி ஊர் ஒன்றில் வீட்டு வரி ஆண்டுக்குச் சில நூறு ரூபாய், அதிலும் நிலுவை. வரியை உயர்த்தும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தலைவர் நாளைக்கு டீக்கடையில் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். மாநில அரசும் மத்திய அரசும் வரி போடும்போது போட்டவர் யாரென்று ஆளுக்குத் தெரியாது. ஊராட்சி வரிக்கு மட்டும் ஒரு முகம் உண்டு, அதனால்தான் அது உயராமலே கிடக்கிறது. வரி கட்டாதவர் விளக்கு எரியவில்லை என்று கேட்கக் கூசுகிறார். விளக்குப் போட முடியாத தலைவருக்கு வரி கேட்கத் துணிவு வருவதில்லை. இருவரும் ஒருவரையொருவர் மன்னித்துவிட்டு, சேர்ந்து ஆட்சியருக்கு மனு எழுதுகிறார்கள்.

கட்டுவதற்கு ஆள் உண்டு, பராமரிக்க ஆள் இல்லை என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. புதிய தொட்டிக்கு அடிக்கல் நாட்டலாம், திறப்பு விழா நடத்தலாம், சட்டமன்ற உறுப்பினர் பெயரோடு கல்வெட்டு வைக்கலாம், ஒப்பந்ததாரருக்கும் வேலை கிடைக்கும். வால்வு மாற்றியதற்குக் கல்வெட்டு வைத்த ஊர் எதையும் நான் பார்த்ததில்லை. பழைய தொட்டியின் கம்பி வெளியே தெரிய ஆரம்பித்ததும் அதைப் பூசிச் சரிசெய்வதைவிட, சிதிலமடைந்தது என்று சான்று வாங்கிப் புதிதாக ஒன்று கேட்பதுதான் எளிது. சிமென்ட் சாலையும் அப்படியே. தேய்ந்த சாலைக்கு மேலேயே அடுத்த சாலை ஏறி ஏறி, தெரு உயர்ந்து வீட்டு வாசல் பள்ளமாகிவிட்ட ஊர்கள் ஏராளம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்ற புகார் மறுபடி இதர பொருட்களில் வந்து நிற்கிறது.

குடிநீரில் இதைத் தெளிவாகவே பார்க்கலாம். 2019 ஆகஸ்டில் ஜல் ஜீவன் இயக்கம் அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டின் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ஊரக வீடுகளில் சுமார் 22 லட்சம் வீடுகளுக்குத்தான் குழாய் இணைப்பு இருந்தது. 2024 முடிவதற்குள் அது ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. எந்த அளவுகோலில் பார்த்தாலும் பெரிய காரியம். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. உள்ளூர்க் கட்டுமானச் செலவில் 10 சதவீதம், பழங்குடியினரும் தாழ்த்தப்பட்டோரும் அதிகமாக வாழும் ஊர்களில் 5 சதவீதம், மக்கள் பங்களிப்பாக வர வேண்டும் என்பது விதி. ஆனால் இணைப்பு என்பதை ஒருமுறைதான் எண்ண முடியும், தண்ணீரோ தினமும் வந்தாக வேண்டும். தெருக்குழாய் காலத்தில் பத்து வீட்டுக்கு ஒரு குழாய். கடைசி வீட்டுக்காரரும் முதல் வீட்டுக்காரரும் ஒரே இடத்தில் குடம் வைத்தார்கள், சண்டை போட்டார்கள், தண்ணீர் வராதது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. வீட்டுக்கு வீடு இணைப்பு வந்தபின், தொட்டிக்கு அருகிலுள்ள வீட்டில் பொங்கி வழிந்து, கடைக்கோடி வீட்டில் சொட்டுகிறது. நடுவில் ஒருவர் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சினால் அதற்கடுத்த வீடுகளுக்கு அதுவும் இல்லை. கணக்கில் எல்லாமே இணைப்புப் பெற்ற வீடுகள்தான்.

இந்தச் சேவை முழுவதையும் ஓட்டுபவர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர் என்று நீண்ட பெயர் கொண்ட உள்ளூர் ஆள். ஊரில் அவரைத் தண்ணி திறந்துவிடுபவர் என்பார்கள். எந்த வால்வை எத்தனை சுற்றுத் திருப்பினால் எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம் போகும் என்பது அவருக்கு மட்டும் தெரியும். மின்சாரம் வரும் நேரம், குளோரின் போடுவது, மாதம் இருமுறை தொட்டியைக் கழுவுவது, எந்த இடத்தில் பைப் உடைந்திருக்கும் என்ற ஊகம், எல்லாம் அவர் தலையில். அவரோடு தூய்மைக் காவலர்கள்: குப்பை வண்டி தள்ளும் இந்தப் பெண்களின் மதிப்பூதியம் 2023-இல்தான் 3,600-லிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. ஊராட்சி அளிக்கும் சேவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இவர்களுடைய உடலுழைப்பு. அறிக்கைகளில் இவர்களுக்குக் கிடைப்பது ஒரு செலவுத் தலைப்பு மட்டுமே.

கட்டியதை ஓட்டக் கையில் காசு இல்லை என்ற இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டிய ஊராட்சி ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை. 1996 முதல் 2006 வரை இரண்டு முறை தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் காலத்தில் அது நாடு முழுவதும் பேசப்பட்டது. காற்றாலை வாங்கிய ஊராட்சி என்றுதான் பத்திரிகைகள் எழுதின. காற்றாலையை விட, அங்கே போய்ச் சேர்ந்த வழிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டார்கள், தொட்டி கட்டினார்கள், தெருவிளக்கைக் கூட்டினார்கள். மக்கள் கேட்டது இதைத்தான். கேட்டதைச் செய்யச் செய்ய மின் கட்டணம் பல மடங்கு ஏறியது. வேறு ஊராட்சியாக இருந்தால் கட்டணத்தை நிலுவையில் போட்டுவிட்டு அடுத்த மானியத்துக்குக் காத்திருக்கும். ஓடந்துறையில் அந்தச் செலவையே முதல் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள். சூரிய ஒளித் தெருவிளக்கை முயன்று பார்த்தார்கள். தண்ணீர் இறைக்க மரக்கழிவில் ஓடும் 9 கிலோவாட் எரிவாயுக் கலன் வைத்தார்கள். அதன் பிறகுதான் 350 கிலோவாட் காற்றாலை வந்தது.

2006-இல் நிறுவப்பட்ட அந்தக் காற்றாலையின் செலவு சுமார் 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பிலிருந்து 40 லட்சம், வங்கிக் கடன் 1.15 கோடி. காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அல்ல, காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கத்தில். ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் கிடைக்கும் என்றும், ஊராட்சிக்குத் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட் என்றும் கணக்கு. மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். மாதாமாதம் மானியத்தைத் தின்றுகொண்டிருந்த செலவு ஒன்று வருமானமாகத் திரும்பியது. இங்கே தீர்ந்தது மின்சாரப் பிரச்சினை மட்டுமல்ல. கடைசித் தெருவின் கோரிக்கைக்கு, யாரிடமும் கேட்காமல், செலவு செய்யக் கையில் காசு இருக்கும் நிலை வந்தது.

எல்லா ஊராட்சியும் இப்படிச் செய்யலாமே என்று சொல்வோரை நான் நம்புவதில்லை. பத்தாண்டு ஒரே தலைவர், கையில் 40 லட்சம் சேமிப்பு, கடன் கொடுக்கத் துணிந்த வங்கி, அந்தக் காலத்து மின்வாரிய விதிகள், எல்லாம் ஒரே இடத்தில் கூடிவந்தன. சுழற்சி முறை இடஒதுக்கீட்டில் தலைவர் பதவி கைமாறும் ஊர்களில் பத்தாண்டைத் தாண்டிய தொடர்ச்சி கிடைப்பது அரிது; சுழற்சியும் வேண்டியதுதான் என்பதால் இது எளிதில் தீராத முரண். நல்ல தலைவரைக் காட்டி மற்றவர்களைக் குறைசொல்லும் ஊடகப் பழக்கமும் சரியல்ல. ஒவ்வொரு முன்மாதிரி ஊராட்சிக் கதையும், இப்படி ஒருவர் வந்தால்தான் நடக்கும் என்ற ஒப்புதலையும் உள்ளே வைத்திருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கமும் அப்படித்தான். வேதிப் பொறியாளரான இளங்கோ ரங்கசாமி 1996 முதல் பத்தாண்டு தலைவராக இருந்தார். தலித், தலித் அல்லாத குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழும் இரட்டை வீட்டுக் குடியிருப்பு அங்கே உருவானது.

மக்களின் முன்னுரிமை என்று ஒருமையில் சொல்கிறோமே, எந்த மக்கள்? 2006-இல் வந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் என்று சமமாகக் கொடுத்தது. இரண்டு குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் இருபது குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் அதே தொகை. பணத்தின் பெரும்பகுதி தாய்க்கிராமத்தில் தங்கிவிட்டது. 2011-இல் ஆட்சி மாறியதும் வந்த தாய் திட்டம், ஊராட்சியை விட்டுவிட்டுக் குக்கிராமத்தையே அலகாக வைத்து 79,394 குடியிருப்புகளைக் கணக்கெடுத்தது. கட்சி அரசியலை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், உள்ளாட்சி நிர்வாகத்தில் நடந்த நல்ல திருத்தங்களில் இது ஒன்று. அலகை மாற்றியதும் அதுவரை கண்ணில் படாத ஆயிரக்கணக்கான இடங்கள் கணக்குக்குள் வந்தன. அவற்றில் பல, ஊரைத் தள்ளி இருக்கும் காலனிகள். 2021-க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் மறுபடி வந்தபோதும் குக்கிராமங்களின் எண்ணிக்கையை வைத்தே நிதி பிரிக்கப்பட்டது.

ஆனால் திட்டத்தின் அலகு மாறியதால் ஊரின் மனம் மாறிவிடாது. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பதவியில் வென்றதுதான் காரணம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996-லிருந்து பத்தாண்டு தலைவரே நிலைக்க முடியவில்லை. 2006-இல்தான் முறையான தேர்தல் நடந்தது. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளிவந்தது. வேங்கைவயலில், 2022 டிசம்பரில், தலித் குடியிருப்புக்கான தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. ஒரே ஊராட்சிக்குள் தெருவுக்குத் தெரு தனித் தொட்டி ஏன் என்றால் பொறியாளர் நீர் அழுத்தத்தைக் காரணம் சொல்வார். பல இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். எல்லா இடத்திலும் அது மட்டும்தான் காரணமா என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குவார்.

தலித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் சாவி வேறொருவர் கையில் இருக்கலாம். தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் காசோலை செல்லும். துணைத் தலைவர் ஆதிக்க சாதிக்காரராக இருந்து, கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால் பழுதான மோட்டார் பழுதாகவே கிடக்கும். நிதி முறைகேட்டைத் தடுக்க வைத்த இரட்டைப் பூட்டு, நிர்வாகத்தையே முடக்கும் கருவியும் ஆகிவிடுகிறது.

பெண் தலைவர்கள் பற்றி எள்ளலாகப் பேசுவது நம் ஊர்களில் எளிது. கணவர்தான் தலைவர் என்பார்கள், பல இடங்களில் அது நடக்கவும் செய்கிறது. ஆனால் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்ப்பூர் ஆகிய இரு மாவட்டங்களில், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் பெண்கள் அதிகம் புகார் சொல்லும் துறையில் கூடுதலாகச் செலவு செய்தன. இரு இடத்திலும் அது குடிநீர். தமிழ்நாட்டுக் கிராம சபைகளின் பேச்சைப் பதிவுசெய்து, சொல் சொல்லாக ஆராய்ந்த ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகியோரின் 2019 ஆய்வும் இங்கே பொருத்தமானது. பெண்கள் குறைவாகப் பேசுகிறார்கள், பேச்சின் திசையை அவர்களால் திருப்ப முடிவதில்லை, அவர்கள் கேட்டதற்கு அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் கிடைப்பதும் குறைவு. பெண் தலைவர் இருக்கும் ஊராட்சியில் பெண்களுக்குப் பதில் கிடைப்பது கூடுகிறது. 2016 சட்டத்திருத்தத்துக்குப் பின் 2019 தேர்தலிலிருந்து பாதி இடங்கள் பெண்களுக்கு என்றானதை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். கணவர் பின்னாலிருந்து ஆட்டுவிக்கும் ஊரிலும், குடத்தோடு நிற்கும் பெண் நேரே போய்க் கேட்கக்கூடிய வீடு ஒன்று உருவாகியிருக்கிறது.

அந்த வீடும் இல்லாமல் போகும் காலங்கள் உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது; அறிவித்த தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது; 27 மாவட்டங்களில் 9,624 ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. மீதி ஒன்பது மாவட்டங்களின் 2,901 ஊராட்சிகள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன, அதாவது முழுதாக ஐந்தாண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதால் மத்திய மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 ஜனவரி 5-ஆம் தேதி அந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள். மாநிலத்தில் 388 ஒன்றியங்கள். ஒரு வட்டார வளர்ச்சி அலுவலருக்குச் சராசரியாக 32 ஊராட்சிகள். நல்ல அதிகாரியாகவே இருந்தாலும் 32 ஊரின் வால்வுகளை அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. புதுச் சாலை ஒப்பந்தம் அவர் காலத்திலும் நிற்காது, அதற்கென்று கோப்பு இருக்கிறது. உடைந்த பைப்புக்குக் கோப்பு கிடையாது. கட்டுமானத்தைத் தனி அலுவலராலும் நடத்திவிட முடியும், பராமரிப்புக்குத்தான் உள்ளூரில் பதில்சொல்ல ஒருவர் வேண்டும்.

கேரளம் இதை வேறு வழியில் அணுகியது. 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளிடம் முதலில் ஒப்படைத்துவிட்டு, பிறகு திட்டமிடச் சொன்னார்கள். கேரள ஊராட்சி நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது. அங்கே வார்டுக்கு வார்டு கிராம சபை. அதை அப்படியே இங்கே நட முடியாது. ஆனால் பணம் முதலில், பட்டியல் பிறகு என்ற வரிசையைக் கற்றுக்கொண்டிருக்கலாம். 2018 முதல் ஆண்டுதோறும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்காக மத்திய அரசு நடத்தும் மக்கள் திட்ட இயக்கம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது, வரிசையை எடுத்துக்கொள்ளவில்லை.

சபைக்கு வலு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2024 நவம்பர் 23 கிராம சபைகளில் அரிட்டாபட்டியும் மேலூர் வட்டாரத்து ஊர்கள் பலவும் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. போராட்டம் பெருகியது, சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஒரு சுரங்கத்தைத் தடுக்க உதவிய அதே தீர்மானப் புத்தகத்தில், ஓராண்டாக எரியாத தெருவிளக்குக்கும் தீர்மானம் இருக்கக்கூடும். மறுப்பதற்கு ஊர் திரண்டால் போதும், செய்வதற்குத்தான் பணம், ஆள், கையெழுத்து மூன்றும் வேண்டும்.

இப்போது ஊராட்சிகளின் முன்னேற்றத்தை அளக்க ஒரு குறியீடு வந்திருக்கிறது. மத்திய ஊராட்சி அமைச்சகம் 2025-இல் வெளியிட்ட ஊராட்சி முன்னேற்றக் குறியீடு 9 கருப்பொருள்களில், 435 உள்ளூர்க் குறிகாட்டிகளை வைத்து, 2022-23 நிதியாண்டுக்காக 2,16,285 ஊராட்சிகளை அளந்தது. ஐந்து படிநிலைகளில் மேல்படியில் ஓர் ஊராட்சிகூட இல்லை. அடுத்த படியில் 699 மட்டும். 435 விவரங்களை நிரப்பப் போகிறவர் யார்? முப்பதுக்கு மேற்பட்ட பதிவேடுகளை ஏற்கெனவே சுமக்கும் அதே ஊராட்சிச் செயலர்தான். இத்தனையும் கேட்பதற்குப் பதிலாக, அல்லது இத்தனையோடும் சேர்த்து, ஒரே ஒரு நோட்டை வைக்கச் சொல்லிப் பார்க்கலாம். ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு வரி: புகார் வந்த தேதி, சரிசெய்த தேதி, எந்தத் தெரு. ஆறு கிராம சபையிலும் முதல் பொருளாக அதை வாசிக்க வேண்டும். முதல் இரண்டு பத்திகளை எந்தச் செயலரும் தயக்கமின்றி நிரப்பிவிடுவார். தெருவின் பெயரையும் எழுதி, தெருவாரியாகக் கூட்டிப் பார் என்று யாராவது சொன்னால்தான் பல ஊர்களில் நோட்டு காணாமல் போகும்.